எடிசனுக்குத் தலைவலி கொடுத்த செம்புக் கம்பி

போன வருடம் பெரியப்பா வீட்டுத் தோட்டத்தில் 12 வோல்ட் விளக்குகள் போட்டார்கள். வாசல் பக்கம் பளிச்சென்று எரிந்தது. கடைசி விளக்குகள் மங்கிக் கிடந்தன. "வயர் பத்தாது தம்பி, 7/20 போட்டிருக்கணும்" என்றார் வயதான எலக்ட்ரீசியன். 20 கேஜ் கம்பி ஏழைச் சேர்த்து முறுக்கியது என்று அர்த்தம். (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். அச்சுத் துளைகளில் எத்தனை தடவை இழுத்தார்கள் என்ற கணக்கிலிருந்து வந்த எண்ணாம் அது!)

60 வாட்டுக்கு 230 வோல்ட்டில் கால் ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் வேண்டும். 1 சதுர மி.மீ. வயரில் 5 ஆம்பியர் 30 மீட்டர் போய்த் திரும்பினால் 5 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும்.

எடிசனும் இதில்தான் மாட்டிக்கொண்டார். பல்பைப் பற்றித்தான் பள்ளியில் படித்தோம், செம்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவருடைய மின்சாரம் 110 வோல்ட். தெரு நெடுக ஒரே கம்பியில் விளக்குகளைக் கோத்தால் கடைசி வீடு மங்கும். அதைத் தவிர்க்க நிலையத்துக்கு அருகே கம்பி அடிமரம் போலப் பருக்க வேண்டும். அந்தச் செலவில் கேஸ் விளக்கோடு போட்டி போடவே முடியாது.

1880-ல் அவர் கண்ட வழி 'ஃபீடர்'. நிலையத்திலிருந்து தெருவுக்கு ஒரு தனிக் கம்பி. அதில் விளக்கே கிடையாது. தெருவை அடைந்த பிறகுதான் கிளைகள். ஃபீடரில் குறையும் வோல்ட் எல்லா விளக்குக்கும் பொது. நிலையத்தில் கொஞ்சம் ஏற்றி விட்டால் சரியாகிவிடும். செம்பின் தேவை ஆறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெரு நிலையம் சுமார் 400 விளக்குகளோடு தொடங்கியது. மண்ணுக்கடியில் இரும்புக் குழாய்களுக்குள் அரைவட்டச் செம்புக் கம்பிகள்.

அடுத்து மூன்று கம்பி முறை. இங்கிலாந்தில் ஜான் ஹாப்கின்சனும் 1882-ல் தனியாக இதையே கண்டுபிடித்தார். வெளிக்கம்பிகளுக்கு நடுவே 220 வோல்ட், விளக்குக்கு 110. நூறு கிலோ செம்பு வேண்டிய இடத்தில் 37.5 கிலோ போதும். 1883 ஜூலை 4-ல் பென்சில்வேனியாவின் சன்பரி ஊரில் இது ஓடியது. ஆனாலும் ஒரு மைலைத் தாண்டுவது கஷ்டம்தான். 1886-ல் வில்லியம் ஸ்டான்லி டிரான்ஸ்ஃபார்மரோடு கிரேட் பேரிங்டனில் மாறுமின்சாரத்தை ஓட்டிக் காட்டிய பிறகே தூரம் பிரச்சினையாக இல்லாமல் போனது.

பெரியப்பா தோட்டத்தில் என்ன செய்தோம் என்கிறீர்களா? விளக்குகளுக்கு நடுவில் ஒரு பெட்டி வைத்து, அதுவரை தடித்த வயரை இழுத்து, அங்கிருந்து சின்ன வயர்களைப் பிரித்தோம். இப்போது கடைசிச் செம்பருத்தி வரை ஒரே வெளிச்சம்.