நியாய விலை: குவீன்ஸ்டவுன் காட்டும் வரலாறு

'விலை' என்பது 'வில்' என்னும் வினையடியாகப் பிறந்த பெயர். விற்பவன் சொல்வதே விலை என்பது போல அச்சொல்லின் பிறப்புத் தோன்றும். ஆயினும் பழந்தமிழர் அதனை விற்பவன் மனம்போல விட்டுவிடவில்லை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை போற்றுங்கால், வாங்குமிடத்து மிகுதியாக அள்ளாமையையும் விற்குமிடத்து அளவைச் சுருக்காமையையுமே அவர்தம் சிறப்பாக எடுத்துரைக்கிறது. 'நியாய விலை' என்னும் தொடர் வழக்கிற்கு வருவதற்குப் பன்னூறாண்டுகட்கு முன்னரே அதன் கருத்துத் தமிழில் இருந்தது என்க.

இன்று அத்தொடர் இரு நாடுகளில் இருவகைக் கடைகளுக்குப் பெயராக நிற்கிறது. தமிழ்நாட்டில் 'நியாய விலைக் கடை' என்பது அரசின் பங்கீட்டுக் கடை. சிங்கப்பூரில் 'ஃபேர்பிரைஸ்' என்பது தொழிற்சங்கக் கூட்டுறவின் பேரங்காடி. பெயரைத் தமிழாக்கினால் அதுவும் 'நியாய விலை'யே. முன்னது குடும்ப அட்டைக்கு அளந்து கொடுப்பது. பின்னது சந்தையில் ஏனைய வணிகரோடு போட்டியிட்டு விற்பது. அத்தகைய மலிவுக் கடையிலும் விலை ஏறக் காணும் மக்கள், 'இதற்குத்தானா இக்கடை எழுந்தது?' என்று வினவுகின்றனர். அவ்வினாவிற்கு விடை காண, கடை பிறந்த கதையை முதற்கண் அறிதல் வேண்டும்.

புதுநகரும் சந்தையும்

குவீன்ஸ்டவுன், சிங்கப்பூரின் முதல் துணைநகரம். 'போ பே காங்' என்னும் சீனச் சிற்றூரும் சதுப்பும் குன்றுகளுமாய் இருந்த நிலத்தில், குடியேற்ற ஆட்சிக் காலத்துச் சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை அதனைத் தொடங்கிற்று. இரண்டாம் எலிசபெத் அரசியார் முடிசூடிய 1953ஆம் ஆண்டின் நினைவாக அப்பெயர் அமைந்தது. 1960இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அப்பணியை ஏற்று, ஸ்டர்லிங் சாலையில் 45, 48, 49 ஆகிய எண்களுடைய அடுக்குமாடிகளை அவ்வாண்டிலேயே கட்டி முடித்தது. கழகம் எழுப்பிய முதல் வீடுகள் அவையே.

வீட்டோடு சந்தையும், பள்ளியும், மருந்தகமும் ஒரே வட்டாரத்தில் அமைய வேண்டும் என்பதே துணைநகரத்தின் கொள்கை. அதற்கேற்பக் காமன்வெல்த் அவென்யூவில் ஈரச்சந்தை ஒன்று எழுந்தது. அக்கட்டடம் 2013இல் குவீன்ஸ்டவுன் நூலகத்தோடு பாதுகாக்கப்படும் கட்டடமாக அறிவிக்கப்பட்டது. தமிழர்க்கும் இவ்வட்டாரம் புதியதன்று. மலாயாவிற்குச் சென்ற இருப்புப்பாதை இதன் வழியே ஓடியது. தங்ளின் ஹால்ட் என்னும் பெயரே வண்டி நின்ற இடத்தைக் குறிப்பது. இரயில்வேத் தொழிலாளர் 1932இல் குவீன்ஸ்வே அருகே நிறுவிய முனீஸ்வரன் கோயில், இன்று காமன்வெல்த் டிரைவில் விளங்குகிறது.

அக்காலத்துக் குடும்பங்களுக்கு மளிகை இருவழியாக வந்தது. புழுங்கலரிசி, பருப்பு, வற்றல்மிளகாய் ஆகியவற்றிற்குத் தமிழர் சிராங்கூன் சாலைக்கும் தேக்கா சந்தைக்கும் சென்றனர். அன்றாடச் சில்லறைத் தேவைக்கோ, மாடிக்கடியில் இருந்த 'மாமாக் கடை' போதுமானதாயிற்று. அங்கே வாங்கியது '555' என்னும் சிறு குறிப்பேட்டில் ஏறும். சம்பள நாளில் தீர்க்கப்படும். விலை சற்றே கூடுதலாயினும் கடன் கிடைத்தது. கையில் காசில்லாத நாளில் அக்கடன் எத்துணைப் பெரிது என்பதைக் கூலித் தொழிலாளர் குடும்பங்கள் நன்கறியும்.

1973ஆம் ஆண்டின் நெருக்கடி

1972இல் உலகின் பல பகுதிகளில் விளைச்சல் குன்றியது. சோவியத் நாடு பெருமளவில் தானியம் வாங்கியது. 1973இல் தாய்லாந்து அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபரில் மேற்காசியப் போரையொட்டி எண்ணெய் விலையும் பன்மடங்கு உயர்ந்தது. விளைநிலம் மிகக் குறைந்த சிங்கப்பூர் இத்தனையையும் ஒருசேரத் தாங்க நேர்ந்தது. 1973இல் விலைவாசி ஏறத்தாழ 20 விழுக்காடு ஏறியது. 1974இல் ஏற்றம் 22 விழுக்காட்டையும் கடந்தது.

இத்தகைய காலத்தில் விலையேற்றம் இரு கூறுடையது. கப்பலில் வரும்போதே ஏறியிருக்கும் கூறு ஒன்று. பற்றாக்குறையைக் கண்டு வணிகன் பதுக்கிவைத்து ஏற்றும் கூறு மற்றொன்று. முதற்கூற்றை உள்நாட்டுக் கடை எதுவும் தடுக்கவியலாது. இரண்டாவதைத் தடுக்கலாம், அதற்கு, ஆதாயம் ஒன்றையே நோக்காத ஒரு விற்பனையாளன் சந்தையில் இருத்தல் வேண்டும்.

இவ்வெண்ணம் புதியதன்று. இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்து நெசவாளர் உள்ளிட்ட எளியோர் 1844இல் மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலியவற்றை விற்கத் தொடங்கிய கூட்டுறவுக் கடை உலகறிந்தது. சென்னையில் 1904இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், இந்தியாவின் நுகர்வோர் கூட்டுறவுகளுள் முன்னோடி. சிங்கப்பூரிலும் அரசாங்க ஊழியரின் சிக்கன நாணயச் சங்கம் 1925இலேயே பதிவுபெற்றது. எனினும், அது கடன் கொடுத்த சங்கமே, கடை வைத்ததன்று.

தொழிற்சங்கம் கடை வைக்கும் துணிவு 1969ஆம் ஆண்டின் கருத்தரங்கில் பிறந்தது. தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் அவ்வாண்டு நடத்திய அக்கூட்டத்தில், கூலிக்குப் போராடுவதோடு நில்லாமல் கூலியின் வாங்கும் ஆற்றலையும் காத்தல் சங்கத்தின் கடமை என்ற கருத்து வலுப்பெற்றது. திரு. தேவன் நாயர் தலைமையில் காப்புறுதிக்கென 'இன்கம்' கூட்டுறவும், வாடகை வண்டிக்கெனக் 'கம்ஃபோர்ட்' கூட்டுறவும் 1970இல் தோன்றின. 1973 ஜூலை 22ஆம் நாள் தோ பாயோவில் 'வெல்கம்' என்னும் முதற் பேரங்காடியைப் பிரதமர் திரு. லீ குவான் யூ திறந்துவைத்தார். வேறு தொழிற்சங்கங்களும் தத்தம் அங்காடிகளை நடத்தின. 1983இல் அவ்வமைப்புகள் ஒன்றிணைந்து ஃபேர்பிரைஸ் ஆயின.

தனித்தனியே சிறு சிறு கொள்முதல் செய்யும் கடை, மொத்த வணிகனிடம் பணிந்தே வாங்க வேண்டும். பலவும் ஒன்றானபோது ஏற்றுமதி நாட்டிலேயே நேரே பேரம் பேசும் வலிமை வந்தது. அவ்விணைப்பின் உட்பொருள் இதுவே.

மலிவுப் பொருள் ஏன் ஏறுகிறது?

இனி அண்மைக் காலத்தை நோக்குவோம். சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டிற்கு மேல் இறக்குமதி செய்கிறது. 2022 ஜூன் முதல் நாள் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. முந்திய ஆண்டில் சிங்கப்பூரின் கோழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்தே வந்தது. 2023 ஜூலையில் இந்தியா, பாஸ்மதி அல்லாத வெள்ளரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. 2022ஆம் ஆண்டின் அரிசி இறக்குமதியில் 40 விழுக்காடு இந்தியாவினுடையது ஆதலின், இச்செய்தி தமிழர் இல்லங்களில் கலக்கம் விளைத்தது. ஆகஸ்ட் இறுதியில் இந்தியா சிங்கப்பூருக்கு விலக்களிக்க இசைந்தது. 2024 செப்டம்பரில் அத்தடை நீங்கியது. இவற்றிற்கிடையே பொருள் சேவை வரி 2023 தொடக்கத்தில் 7இலிருந்து 8 விழுக்காடாகவும், 2024 தொடக்கத்தில் 9 விழுக்காடாகவும் உயர்ந்தது. பொதுவிலைவாசி 2022இல் 6.1 விழுக்காடும் 2023இல் 4.8 விழுக்காடும் ஏறிற்று.

இவ்வேற்றத்தில் மலிவுப் பொருளே கூடுதலாக ஏறியது போலத் தோன்றுவது மனமயக்கம் மட்டுமன்று. அதற்குக் கணக்கும் உண்டு. ஓர் எடுத்துக்காட்டு: மலிவான அரிசிப் பை 10 வெள்ளி, உயர்ந்த பெயருடைய பை 16 வெள்ளி எனக் கொள்க. தானியத்திற்கும் கப்பற் கூலிக்குமாக ஒவ்வொரு பையிலும் 1 வெள்ளி ஏறினால், முன்னது 10 விழுக்காடும் பின்னது 6 விழுக்காட்டிற்குச் சற்று மேலுமே உயரும். உயர்ந்த பையின் விலையில் விளம்பரமும் ஆதாயமும் மிகுதி. நெருக்கடியில் வணிகன் அதிற் சிறிது விட்டுக்கொடுக்கலாம். மலிவுப் பையிலோ விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஆல்பர்ட்டோ கவால்லோவும் உடனாய்வாளரும் 2024இல் பத்து நாடுகளின் விலைகளை ஆராய்ந்து, மலிவான வகைகளே விரைந்து ஏறின எனக் காட்டியுள்ளனர்.

உயர்ந்த வகையை வாங்குவோர் விலை ஏறினால் ஒருபடி இறங்கி மலிவு வகைக்கு வரலாம். முன்னரே கீழ்ப்படியில் நிற்பவர்க்கு இறங்க வேறு படி இல்லை. உண்ணும் அளவையே குறைக்க நேரும். ஓய்வு பெற்ற முதியோர் மிகுந்த குவீன்ஸ்டவுன் போன்ற பழைய வட்டாரங்களில், சில காசுகளின் ஏற்றமும் பேசுபொருளாவதற்குக் காரணம் இதுவே.

காவலும் காவலனும்

இவ்விடரை உணர்ந்து பல காவல்கள் அமைந்துள்ளன. அரிசி இறக்குமதியாளர் இரு மாதத்து அளவைச் சேமக்கிடங்கில் வைத்தல் வேண்டும் என்னும் திட்டம் அவற்றுள் முதன்மையானது. 1971இல் தோன்றிய பயனீட்டாளர் சங்கம், கடைக்குக் கடை விலையை ஒப்பிட்டுக் காட்டும் 'பிரைஸ் காக்கி' என்னும் கைப்பேசிச் செயலியை 2019இல் வெளியிட்டது. வரி உயர்வைச் சாக்கிட்டு விலையேற்றுவாரைக் கண்காணிக்க 2022இல் ஒரு குழுவும் அமைந்தது. அரசு இல்லந்தோறும் பற்றுச்சீட்டுகள் வழங்கி, அவற்றுள் ஒரு பகுதியைப் பேரங்காடிகளிலும் செலவிட வகைசெய்தது. 1985இல் தோன்றிய ஷெங் சியோங் போன்ற தனியார் மலிவுக் கடைகளின் போட்டியும் ஒருவகைக் காவலே.

இவற்றோடு ஒப்பிட, கூட்டுறவின் காவல் வேறானது. அது தன் நோக்கத்தை மறவாதிருக்கும் வரையே காவலாகும். கூட்டுறவாய்ப் பிறந்த இன்கம், 2022இல் நிறுவனமாக மாறியது. 2024 ஜூலையில் அதன் பெரும்பங்கை வாங்க ஜெர்மன் நாட்டு அலியான்ஸ் முன்வந்தபோது, எளியோர்க்கெனத் தோன்றியது எவர் கைக்குச் செல்வது என்ற வினா நாடெங்கும் எழுந்தது. அக்டோபரில் அரசு அவ்விற்பனைக்கு இசைவு மறுத்தது. ஃபேர்பிரைஸ் இன்றும் கூட்டுறவே. ஆயினும் அன்று பெருவணிகரை அடக்கப் பிறந்த சிறுகடை, இன்று தானே நாட்டின் மிகப் பெரிய பேரங்காடி. பெரியவனை அடக்க எழுந்தவன் தானே பெரியவனானால், அவனைக் கண்காணிப்பவர் யார்? உறுப்பினரும் வாங்குவோருமே.

இதற்கிடையே ஓர் இழப்பையும் மறைத்தலாகாது. பேரங்காடி விலையைக் குறைத்தது; கடன் கொடுக்கவில்லை. மாமாக் கடைகள் குறையக் குறைய, '555' குறிப்பேடும் அதனோடு சேர்ந்த முகமறிந்த நம்பிக்கையும் அருகின. தங்ளின் ஹால்ட்டின் பழைய பத்துமாடி வீடுகள் உள்ளிட்ட 31 அடுக்குமாடிகள் இடிக்கப்படும் என 2014இல் அறிவிக்கப்பட்டது. அங்கு வாழ்ந்தோர் புதுமனை புகுந்தனர். ஆனால் பற்று எழுதிய கடைக்காரரையும் உடன்கொண்டு செல்ல இயலவில்லை.

ஆகவே, மலிவுக் கடையில் விலை ஏறியதனாலேயே அதன் நோக்கம் பொய்த்தது என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. கடலுக்கப்பால் ஏறியது எவ்வளவு, கடைக்குள் ஏறியது எவ்வளவு என்று பிரித்துக் கேட்பதே அறிவுடைமை. முன்னதற்குக் கடையைப் பழித்தல் தவறு. பின்னதைக் கேளாதிருத்தலும் தவறு. ஒரு வீட்டின் பழைய இரசீதையும் புதிய இரசீதையும் அருகருகே வைத்து மாணாக்கரைக் கணக்கிடச் செய்யும் ஆசிரியர், கணக்கோடு குடிமைக் கடமையையும் கற்பித்தவராவார். 1973இல் தொழிலாளர் தொடங்கிய கடை நியாய விலையில் நிலைப்பதற்கு, அவ்வாறு கேட்டறியும் தலைமுறை ஒன்று வேண்டும்.