ரதியின் புலம்பல்

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தென்படும் நாளையொட்டி, அட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமியையொட்டிக் காமன் எரிவான். இடைப்பட்ட இரவுகளில் லயத்தையடுத்த பொட்டலில் தப்பு முழங்க ரதி மன்மதன் கதை வளரும்.

கதை நாமறிந்ததே. சிவனுடைய தவத்தைக் கலைக்கும்படி தேவர்கள் மன்மதனை ஏவுகிறார்கள். ரதி தடுக்கிறாள், அவன் கேளாமல் போகிறான், நெற்றிக்கண் அவனைச் சாம்பலாக்குகிறது. காதலை மூட்டக்கூடாத இடத்தில் மூட்டியதே அவன் செய்த குற்றம். அதற்கான தண்டனையைச் சுமப்பவளோ ரதி.

காளிதாசன் குமாரசம்பவத்தின் நான்காம் சருக்கத்தை இவளுடைய புலம்பலுக்கே ஒதுக்கினான். கச்சியப்பரும் கந்தபுராணத்தில் இவள் துயரைப் பாடினார். ஆனால் தோட்டத்து ரதி காவிய நடையில் அழுவதில்லை. இழவு வீட்டில் நம் பெண்கள் மாரடித்துப் பாடும் ஒப்பாரியையே அவள் பாடுகிறாள். பாடுபவர், விரதமிருந்து பெண்வேடம் பூண்ட ஓர் ஆண் தொழிலாளி.

இதன் பொருளை உணர, லயத்து விதவையின் நிலையைப் பார்க்கவேண்டும். காப்பிக் காலத்தில் தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பகுதிகளிலிருந்து பெரும்பாலும் ஆண்களே பருவத்துக்கு வந்து திரும்பினர். 1869-இல் பரவத் தொடங்கிய இலைநோயால் காப்பி அழிந்தது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் கைகள் வேண்டும். எனவே பெண்களும் குடும்பமாக வந்து லயங்களில் தங்கினர். கூத்து மலையில் வேரூன்றியதும் இந்தக் குடியேற்றத்தோடுதான் என்று நாம் கருதுகிறோம்.

கைம்பெண் மூலையில் அமரவேண்டும் என்பது நெற்குதிர் உள்ள வீட்டார் வகுத்த முறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் மூலை ஏது? கணவனைப் புதைத்தவளும் சில நாளில் பிரட்டுக் களத்தில் நின்று பேர் போட்டாக வேண்டும். அவள் பறித்த கொழுந்துக்கு ஆணுக்கு நிகரான கூலி கிடைக்க 1984 வரை காத்திருக்க நேர்ந்தது. துக்கம் காக்கவும் ஓய்வு வேண்டுமல்லவா? அந்த ஓய்வை லயத்துக்கு அளித்தவை மாசி இரவுகள். ரதி அழும்போது தன் அழுகையையும் அதனுள் கரைத்துவிட ஒருத்தியால் முடிந்தது; ஏனென்று எவரும் கேட்கமாட்டார்கள்.

இன்னொன்றும் கவனத்துக்குரியது. புறநானூற்றுப் பெருங்கோப்பெண்டு, பூதப்பாண்டியனின் ஈமத்தீயில் புகுந்தாள். கூத்தில் எரிபவன் ஆண். ரதி உயிரோடிருந்து கடவுளிடம் வழக்காடுகிறாள். காமனை மீண்டும் எழுப்பும் சடங்கும் உண்டு. ஆனால் அவன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான் என்பது வரம். மாண்டவன்மேல் கொண்ட ஆசையைப் பிறர் கண்ணுக்குப் படாமல் வைத்துக்கொள்ளும் உரிமை அது. அறுத்துக்கட்டும் வழக்கத்தைப் பழியாகக் கொள்ளாத உழைக்கும் சாதியார் பலர் இக்கூத்தைப் பேணிவந்ததில் வியப்பில்லை.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரு அரசுகளும் முடிவு செய்தன. கேட்கப்படாதவர்கள் அந்த மக்கள் மட்டுமே. தாய் ஒரு கரையிலும் மகள் மறுகரையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. அட்டன் நிலையத்தில் தலைமன்னாருக்குப் புறப்படும் ரயிலின் சன்னலைப் பற்றிக்கொண்டு, நிற்பவர்களும் போகிறவர்களும் ஒப்பாரி வைத்தனர். அந்த வண்டிக்கு மலையக மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி.