மை உருளையும் தாள் பின்னணிக் கலையும்

மை உருளை என்பது கைப்பிடியோடு சுழலும் சிறு உருளை. இறப்பர், நுரைப்பஞ்சு, அக்ரிலிக் ஆகியவற்றில் இன்று கிடைக்கிறது. தட்டில் மையைப் பரப்பி எடுத்துத் தாளில் உருட்டினால் வானம், கடல், வயல் என்று நிறப் பின்னணிகள் உருவாகும். வாழ்த்து அட்டையும் அழைப்பிதழும் செய்வோர் விரும்பும் இக்கருவி பிறந்தது அச்சகத்தில். அச்சுத்தொழில் அதனிடம் வேண்டியது குறையற்ற சீர்மை. அதே உருளையிலிருந்து சீரின்மையை வேண்டிப் பெற்றார்கள் கைவினைஞர்கள். இதன் வரலாற்றில் கவனிக்கத்தக்க திருப்பம் இதுதான்.

கூட்டன்பர்க் காலம் முதல் ஏறத்தாழ 350 ஆண்டுகள் அச்சுக்கு மை பூசியது உருளை அல்ல. உரோமம் திணித்துத் தோல் போர்த்திய மைப்பந்து. 1737இல் ஒல்லாந்தரின் கொழும்பு அச்சகம் இயங்கத் தொடங்கியபோதும் வழக்கில் இருந்தது மைப்பந்தே. 1813இல் பிரையன் டொங்கினும் ரிச்சர்ட் பேக்கனும் காப்புரிமை பெற்ற அச்சு இயந்திரத்தில், வச்சிரப் பசையையும் வெல்லப்பாகையும் காய்ச்சி வார்த்த உருளை இடம்பெற்றது. அடுத்த சில பத்தாண்டுகளில் மைப்பந்து மறைந்தது. ஆனால் பசை உருளை வெப்பத்தில் இளகும், ஈரக்காற்றில் ஊறும். பருவத்துக்கு ஏற்பப் பசையையும் பாகையும் வேறு அளவில் கலந்து வார்க்க வேண்டியிருந்தது. இறப்பர் உருளை வந்த பின்னரே இந்தத் தொல்லை ஓய்ந்தது.

இலங்கை முஸ்லிம்களின் எழுத்து வரலாற்றுக்கு நெருக்கமானது தோல் உருளை. 1796இல் செனெஃபெல்டர் கண்டறிந்த கல்லச்சில், நனைத்த சுண்ணக்கல்மீது எண்ணெய் மையைத் தோல் உருளையால் உருட்டுவார்கள். எழுதிய இடம் மையைப் பிடிக்கும், ஈரமான இடம் தள்ளிவிடும். உலோக எழுத்து வார்க்காமல் கையெழுத்தை அப்படியே அச்சாக்கலாம் என்பதால், தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ் நூல்கள் பெரும்பாலும் இவ்வழியில் வெளிவந்தன. கொழும்பில் பாபா யூனுஸ் சல்தீன் 1869இல் தொடங்கிய ‘ஆலாமத் லங்காபுரி’ என்ற மலாய் இதழும் கல்லச்சில் வந்ததே.

எழுத்துக்கு அடியில் நிறத்தை விரிக்கும் ஆசை உருளையைவிட மூத்தது. துருக்கியிலும் பாரசீகத்திலும் அரபு எழுத்தணிக்கு நீரில் மிதக்கும் சாயத்தை ஏற்றிய தாளைப் பின்னணியாகவும் கரையாகவும் பயன்படுத்தினர். 17ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர் ஓவியர் அதே முறையால் உருவங்களையே வரைந்தனர். அந்தத் தாள்களில் ஒன்றைப் போல் மற்றொன்று இராது. அவற்றின் மதிப்பே அதில்தான் இருந்தது. மை உருளையால் பின்னணி தீட்டுவோரை அந்த மரபின் வழித்தோன்றல்கள் என்றே கருதவேண்டும்.

உருளையால் நிறங்களை இழையவிடும் வழியையும் அச்சுத்தொழிலே முதலில் கண்டது. இரண்டு மூன்று மைகளைத் தட்டில் அருகருகே வைத்து ஒரே தடத்தில் உருட்டினால், அவை சந்திக்கும் இடங்களில் கலந்து வானவில் போலாகும். சுவரொட்டிகளுக்கும், போலி செய்வதைக் கடினமாக்க வேண்டிய பத்திரங்களுக்கும் இது பயன்பட்டது. 1920களில் இலண்டனில் கிளாட் ஃபிளைட் லினோலியச் செதுக்கச்சைப் பரப்பினார். குடைக்கம்பியையே உளியாக்கலாம் என்றார். பெரிய அச்சு இயந்திரம் வேண்டியிராத இத்தகைய முறைகளோடு சிறு கை உருளை பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் வந்தது. அண்மைய ஆண்டுகளில் பரவிய மென்மையான ஜெல் தட்டிலும் மை பரப்ப அதுவே உதவுகிறது. கடையில் விற்கும் இத்தட்டுகள் பல செயற்கைப் பொருளால் ஆனவை, ஜெலற்றின் கலவாதவை.

நல்ல பின்னணி மையின் அளவில்தான் இருக்கிறது. மை சரியாகப் பரவியதும் உருளை மெல்லிய ஒட்டல் ஒலி எழுப்பும்; ஒலி ஈரமாகவும் கனமாகவும் இருந்தால் மை மிகுதி. உருளையில் இறப்பர் வளையம் மாட்டினால் கோடுகளும், நூல் சுற்றினால் வலைக்கோலமும் விழும். மெழுகால் எழுதிவிட்டு நீர் மை உருட்டினால் எழுத்து வெள்ளையாக நிற்கும். வெட்டியெடுத்த பிறையையோ அரபு எழுத்தையோ தாளில் வைத்து உருட்டி எடுத்தால் அதன் வடிவம் வெறுமையாக மிஞ்சும். உருவம் தீட்டாமல் எழுத்தாலும் வடிவக்கணிதக் கோலத்தாலும் அழகு செய்யும் முஸ்லிம் ஊர்களின் பெருநாள் வாழ்த்துகளுக்கும் கலியாண அழைப்பிதழ்களுக்கும் இது மிகவும் இசைவான முறை. கிழக்கிலங்கையின் இறக்காமம், கல்முனைப் பக்கத்துச் சித்திரப் பாடத்தில் வெண்டிக்காய் வெட்டி அச்சுப் பதிக்கும் பிள்ளைகளுக்கு, அதற்கு முன் தாளில் நிறம் உருட்டவும் கற்பித்தால் அந்த அச்சு இரட்டிப்பாகப் பொலியும்.

இப்பகுதியில் கவனிக்க வேண்டியது மாரிகாலம். அப்போது எண்ணெய் மை காய நாளாகும். நீர் மையே வசதி. மழமழப்பான பிறிஸ்டல் போட்டில் நிறம் பளிச்சென்று நிற்கும், மெல்லிய தாளோ நனைந்து சுருளும். வேலை முடிந்ததும் உருளையைக் கழுவித் துடைத்து, மேசையில் அழுந்தாதபடி தொங்கவிட வேண்டும். அழுந்தினால் இறப்பரில் தட்டையான வடு விழும். அடுத்த தாளில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அது வெள்ளைக் கோடாகப் பதியும்.