பெட்டிக்குள் வந்த கார்



நம் குடும்பக் குழுவில் ஒரு பிள்ளை, தான் ஒட்டி முடித்த பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பிளாஸ்டிக் மாதிரியைப் படம் எடுத்துப் போட்டிருந்தான். "இந்த வயசுல பொம்மையா?" என்று பெரியவர்கள் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அங்கே பதில் எழுதினால் நீளும் என்பதால் இங்கே எழுதுகிறேன். வரலாற்று வாத்தியார் பதில், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இந்த மாதிரிப் பெட்டிகளுக்குப் பேர்போன கம்பெனி இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ். ஹங்கேரியிலிருந்து வந்து குடியேறிய நிக்கோலஸ் கோவ் என்பவர் 1939-ல் தொடங்கியது. 1949-ல் ஃபெர்குசன் டிராக்டர் கம்பெனிக்காக ஒரு சின்ன டிராக்டர் மாதிரி செய்தார்கள். 1952-ல் 'கோல்டன் ஹைண்ட்' கப்பலைத் துண்டு துண்டாகப் பையில் போட்டு, வுல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றார்கள். வாங்குகிறவரே ஒட்டிக்கொள்ள வேண்டும். விலை குறைந்தது, கூடவே ஒரு பொழுதுபோக்கும் பிறந்தது. பிறகு ஜாகுவார் ஈ-டைப், எம்.ஜி.பி. போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களும் 32-ல் ஒரு பங்கு அளவில் வந்தன.

அந்த வரிசையில் ஒரு கார்தான் நமக்குச் சொந்தக்காரன்: டிரையம்ஃப் ஹெரால்டு. 1961 முதல் நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து வண்டலூரில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாரானது இதுதான். அன்றைக்கு இந்தியாவில் கார் என்றால் மூன்று: கல்கத்தா பக்கம் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், மதராஸில் ஹெரால்டு. காஞ்சிபுரமும் மாகறலும் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தன. ஆகவே அது நம் மாவட்டத்துக் கார்!

வண்டலூரில் அந்தக் காரைச் செய்ய முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஐம்பதுகளில் கார்கள் பாடியும் சேஸிஸும் ஒன்றான ஒரே கூடாக மாறத் தொடங்கியிருந்தன. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனிக்குப் பாடி அடித்துக் கொடுத்துவந்த நிறுவனத்தை, போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக் கூட்டை அடித்துத் தர ஆள் இல்லை. அதனால் பழைய முறைப்படி தனிச் சேஸிஸ் செய்தார்கள். பாடியைத் துண்டு துண்டாக அடித்து, அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டினார்கள். கூரை, பக்கவாட்டுத் தகடு எல்லாமே தனித்தனி. முன்பக்கம் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் கவிழ்ந்து திறக்கும். இதற்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலோட்டி. கார் 1959-ல் வெளிவந்தது.

நம் ஊர் நெசவாளிக்கு இதை விளக்கவே வேண்டாம். உடல் தனி, கரை தனி, கோர்வை போட்டு இணைப்பது அவருக்குத் தினப்படி வேலை. ஹெரால்டும் கோர்வைச் சேலை மாதிரிதான்.

துண்டுகளாக இருந்ததால் கப்பலில் பெட்டி பெட்டியாக அனுப்பி, தூர தேசத்தில் பூட்ட வசதியாக இருந்தது. பிறகு நம் ஆட்கள் பாகங்களை இங்கேயே படிப்படியாகச் செய்யக் கற்றார்கள். அதாவது, நிஜ ஹெரால்டே ஒரு பெரிய 'கிட்' தான்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு வருவோம். அதே ஹெரால்டின் சேஸிஸைச் சுருக்கி, அதே மிக்கெலோட்டி இரண்டு பேர் உட்காரும் திறந்த காராக வரைந்ததுதான் 1962-ல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். அது இன்று உலகம் முழுவதும் ரசிகர்கள் பாதுகாக்கும் கார். அதன் உடன்பிறப்பில் நம் ஊர் டாக்டர்களும் வக்கீல்களும் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தார்கள். யுத்தகால விமான ஓடுதளமாக இருந்த சோழவரத்துப் பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின. 1990-ல் பந்தயம் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது.

இனி கணக்கு. ஹெரால்டின் நீளம் சுமார் 389 செ.மீ. அதை 32-ஆல் வகுத்தால்? சுமார் 12 செ.மீ. உள்ளங்கையில் அடங்கும். ஆனால் சக்கரம், ஸ்டியரிங், சீட்டு எல்லாம் அதே விகிதத்தில் இருக்க வேண்டும். பொம்மைக்கும் மாதிரிக்கும் வித்தியாசம் அதுதான். பொம்மை கார் போல இருந்தால் போதும், மாதிரிக்கு அளவு தப்பக்கூடாது. ஒட்டும் திரவமும் நம் வீட்டுக் கோந்து இல்லை. அது இரண்டு பிளாஸ்டிக் ஓரங்களையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். (நெடி காட்டமானது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே.)

நான் சொல்லவந்த முக்கியமான செய்தி இனிமேல்தான். ஏர்ஃபிக்ஸ் பெட்டியில் இருப்பது இங்கிலாந்துக்காரரின் இரண்டு கதவு ஹெரால்டு. நம் வண்டலூர்க்காரர்கள், குடும்பத்தோடு ஏறி இறங்குகிற நம் வழக்கத்துக்காக, பின்னாளில் நான்கு கதவு ஹெரால்டு செய்தார்கள். அது இந்தியாவில் மட்டுமே தயாரானது. 1972-ல் வந்த கெஜலும் அந்த வழிதான். அது எழுபதுகளிலேயே நின்றது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது, 1988-ல் அதுவும் முடிந்தது. ஆலை மூடியது, எத்தனையோ குடும்பங்கள் வேறு பிழைப்பு தேடின.

அங்கே ஏர்ஃபிக்ஸும் 1981-ல் நொடித்தது. ஆனால் அதன் எஃகு அச்சுகள் கைமாறிக் கைமாறிப் பிழைத்தன. ஹெரால்டு மாதிரி புதுப் பெட்டியில் மறுபடி கடைக்கு வந்தது. 2010-க்குப் பிறகு சில ஆண்டுகள் ஏர்ஃபிக்ஸ் பெட்டிகள் பலவற்றில் 'இந்தியாவில் தயாரானது' என்றே அச்சிட்டிருந்தார்கள். அச்சு இருந்தவர்களின் கார் நினைவில் நிற்கிறது. நம் தொழிலாளி தன் யோசனையால் சேர்த்த இரண்டு கதவுக்கு அச்சு இல்லை.

ஆகவே தம்பி, உனக்கு ஒரு வீட்டுப்பாடம். ஹெரால்டு கிட் ஒன்று வாங்கு. முன்கதவின் கோட்டை நிரப்பித் தேய்த்து, பின்கதவுக்கும் இடம் விட்டு, ஊசி முனையால் புதுக் கோடு கீறு. அளவு வேண்டுமே? அதற்குத்தான் மற்றவர்கள் உதவி தேவை. உங்கள் வீட்டு ஆல்பத்தில் நான்கு கதவு ஹெரால்டு பக்கவாட்டில் தெரிகிற போட்டோ இருந்தால் கமெண்டில் போடுங்கள். அப்பாவோ தாத்தாவோ வண்டலூர் ஆலையில் வேலை பார்த்திருந்தால், எந்தப் பிரிவில், என்ன வேலை என்று இரண்டு வரி எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

அனைவரும் நலமாக இருங்கள்.