மணலூர்பேட்டையில் அரசு: கர்ணம் முதல் பேரூராட்சி மன்றம் வரை

தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள மணலூர்பேட்டை, கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் பேரூராட்சிகளுள் ஒன்று. அரசு இவ்வூரை இரு வழிகளில் எட்டுகிறது. ஆட்சியர், வட்டாட்சியர், கிராம நிர்வாக அலுவலர் என மேலிருந்து இறங்குவது வருவாய் நிர்வாகம். வார்டு உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், மக்களவை உறுப்பினர் என வாக்குச்சாவடியிலிருந்து ஏறிச்செல்வது மக்கள் பிரதிநிதித்துவம். இரண்டில் முன்னது மூத்தது.

1801-இல் ஆர்க்காட்டு நவாபின் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தில் இவ்வட்டாரம் அடங்கியது. ரயத்துவாரி முறையில் பட்டாதாரர் நேரே அரசுக்குத் தீர்வை செலுத்தினார். அதை ஊரில் வசூலித்தவர் மணியக்காரர், கணக்கு எழுதியவர் கர்ணம், ஏவலுக்குத் தலையாரி. எந்தப் புலத்தில் யார் என்ன பயிரிட்டார் என்பது அடங்கலிலும், யாருக்கு எவ்வளவு நிலம் என்பது சிட்டாவிலும் ஏறின. பசலி எனும் வருவாய் ஆண்டின் கணக்கு ஜமாபந்தியில் தணிக்கையானது. இப்பதவிகள் பெரும்பாலும் பரம்பரையாக வந்ததால், நிலத்தகராறுகளில் கர்ணத்தின் பேனாவுக்குத் தனி மதிப்பு இருந்தது.

இதே மாவட்டத்தின் கல்வராயன் மலையில் நிலைமை வேறு. அங்கே சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஆகிய ஜாகீர்தார்களின் ஆதிக்கம் நிலவியது. மலையை அரசு நேரடியாக ஏற்றது 1976-இல்தான்.

பிரதிநிதித்துவம் மெல்ல வளர்ந்தது. 1884-ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்ட, தாலுகா போர்டுகளை அமைத்தது. வாக்குரிமை சிலருக்கே கிடைத்தது. வயதுவந்த எல்லோரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் 1951–52-இல் நடந்தது. அதன்பின் சட்டமன்றப் பெரும்பான்மையின் ஆதரவு உள்ளவரே முதலமைச்சர். அமைச்சரவை அம்மன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பு. ஆட்சியர் தேர்தலில் நிற்பவரல்லர். ஆனால் அவரது நிர்வாகம் அமைச்சரவையின் கொள்கைக்குக் கட்டுப்பட்டது.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியம் பதவிகளை அவசரச் சட்டத்தால் ஒழித்தது. அவ்விடத்துக்குத் தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். 1992-இன் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலத்தையும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு இடஒதுக்கீட்டையும் உறுதிசெய்தது. பேரூராட்சியில் தீர்மானம் போடுவது மன்றம். நிறைவேற்றுவது அரசு நியமிக்கும் செயல் அலுவலர்.

தை மாத ஆற்றுத் திருவிழாவில், பொறுப்புகள் அரசின் பல அமைப்புகளிடையே பகிரப்பட்டிருப்பது கண்ணுக்குத் தெரியும். தீர்த்தவாரிக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் மணலூர்பேட்டைக்கு எழுந்தருளுகிறார். கோயில் அறநிலையத்துறையைச் சேர்ந்தது. கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது காவல்துறை. குப்பையும் குடிநீரும் தெருவிளக்கும் பேரூராட்சியின் பொறுப்பு.

மாவட்டத் தலைமையிடமும் இடம் மாறியது. 1993-இல் தென்னார்க்காடு பிரிந்தபோது கடலூருக்குப் பதில் விழுப்புரம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி.