பாப்கார்ன் நுரையீரல்

வெண்ணெய்ச் சுவையூட்டிகளின் ஆவியைச் சுவாசிக்கும் தொழிலாளர்களுக்கு வரும் மூச்சுச் சிறுகுழாய் அடைப்பு நோய். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலையொன்றின் முன்னாள் தொழிலாளர்கள் 8 பேரிடம் 2000இல் கண்டறியப்பட்டது. சூடான எண்ணெயில் சுவையூட்டியைக் கலப்பவர்களுக்கே ஆபத்து மிகுதி.

முக்கியக் காரணி டையசெட்டைல். வெண்ணெயில் இயல்பாகவே இருப்பது; உண்ணப் பாதுகாப்பானது என்ற முத்திரையும் பெற்றது. மூச்சில் போனால் என்னவாகும் என்பதைத்தான் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. ஆவி சிறுகுழாய்களின் உட்படலத்தை அரிக்க, அங்கு உருவாகும் தழும்புத் திசு குழாயை நெரிக்கிறது. வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் ஆஸ்துமாவை ஒத்திருந்தாலும் இன்ஹேலருக்கு அவ்வளவாக அடங்குவதில்லை. சேதம் பெரும்பாலும் மீளாதது.

டையசெட்டைலுக்கு மாற்றாக வந்த 2,3-பென்டேன்டையோனும் எலிகளின் மூச்சுக்குழாய்களைச் சிதைத்தது. 2016இல் அமெரிக்கத் தேசியத் தொழில் பாதுகாப்பு, நல்வாழ்வு நிறுவனம் டையசெட்டைலுக்குப் பரிந்துரைத்த 8 மணிநேரச் சராசரி வரம்பு, காற்றில் நூறு கோடியில் 5 பங்கு. காப்பிக்கொட்டை வறுக்கையில், சுவையூட்டி சேர்க்காமலேயே இவ்விரண்டும் வெளிவருகின்றன.