டிரெசாஜ் போட்டிகளில் நிலை உயர்வு

டிரெசாஜ் போட்டிகளில் நிலை உயர்வு என்பது, குதிரையேற்ற வீரர் ஒருவர் தாம் போட்டியிட்டு வரும் நிலையிலிருந்து அதற்கு அடுத்த, கூடுதல் கடினமான நிலைக்குச் செல்வதைக் குறிக்கும். டிரெசாஜ் என்பது, வரையறுக்கப்பட்ட அசைவுகளைக் குதிரையும் வீரரும் இணைந்து துல்லியமாகச் செய்து காட்டும் குதிரையேற்றப் போட்டி வகை ஆகும். இச்சொல் பிரெஞ்சு மொழியில் "பயிற்றுவித்தல்" எனப் பொருள்படும். இக்கட்டுரை, ஐக்கிய அமெரிக்காவில் குதிரையேற்றத்தைத் தொழிலாகக் கொள்ளாத அமெச்சூர் வீரர்களின் நிலை உயர்வைப் பற்றியது.

பின்னணி

டிரெசாஜ் 1912 ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. 1948 வரை ஒலிம்பிக் டிரெசாஜில் படை அதிகாரிகள் மட்டுமே பங்குபெற முடிந்தது. 1948 இல் தங்கம் வென்ற சுவீடன் அணியில் இருந்த யேனல் பெர்சன், உண்மையில் அதிகாரி அல்லர், சார்ஜெண்ட் தரத்தவர் என்று தெரியவந்ததால் அணியின் பதக்கம் பின்னர் பறிக்கப்பட்டது. 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பெண்கள் உட்படக் குடிமக்கள் அனைவருக்கும் இப்போட்டி திறந்துவிடப்பட்டது. அவ்வாண்டு, போலியோ நோயால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்திருந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

அமெரிக்காவில் அமெச்சூர் வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் வழிகாட்டும் ஐக்கிய அமெரிக்க டிரெசாஜ் கூட்டமைப்பு 1973 இல் தொடங்கப்பட்டது.

நிலைகள்

அமெரிக்காவின் தேசிய நிலைகளும் அவற்றில் கேட்கப்படும் முதன்மையான அசைவுகளும் கீழே தரப்பட்டுள்ளன.

* அறிமுக நிலை: பெரும்பாலும் நடை, டிராட் எனப்படும் ஈரடித் துள்ளுநடை.
* பயிற்சி நிலை: இவற்றுடன் கேண்டர் எனப்படும் மூவடிப் பாய்ச்சல்நடை, 20 மீட்டர் வட்டங்கள்.
* முதல் நிலை: அடிகளை நீட்டுதல், வீரரின் கால் அழுத்தத்துக்கு இணங்கிப் பக்கவாட்டில் விலகுதல்.
* இரண்டாம் நிலை: உடல் ஒடுக்கம், தோளை உள்வாங்கி நடத்தல், பின்பகுதியை உள்வாங்கி நடத்தல், பின்னோக்கி நகர்தல்.
* மூன்றாம் நிலை: குறுக்காகச் சாய்ந்து நகர்தல், பாய்ச்சலின்போது அந்தரத்திலேயே முன்னணிக் காலை மாற்றுதல்.
* நான்காம் நிலை: தொடர்ச்சியான கால் மாற்றங்கள், பாய்ச்சலில் சுழலுதலின் தொடக்க வடிவம்.

இவற்றுக்கு மேல் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு வகுத்த நிலைகள் உள்ளன. அவை பிரீ சான் ஜோர்ஜில் தொடங்கி, கிராண்ட் பிரீயில் முடிகின்றன. ஒவ்வொரு தேசிய நிலையிலும் மூன்று தேர்வுகள் உள்ளன. இத்தேர்வுகள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றன.

மதிப்பெண் முறை

முழு அளவிலான களம் 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உடையது. அதன் ஓரங்களில் வைக்கப்பட்டுள்ள எழுத்துகள், எந்த அசைவு எங்கே தொடங்க வேண்டும் என்பதைக் காட்டுகின்றன. நடுவர் ஒவ்வொரு அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுவார். 10 என்பது மிகச் சிறப்பு, 6 என்பது திருப்தி, 4 என்பது போதாமை, 0 என்பது அசைவு செய்யப்படவே இல்லை என்று பொருள். சில அசைவுகளின் மதிப்பெண் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும். மொத்தம் விழுக்காடாக மாற்றப்படும். எடுத்துக்காட்டாக, 300 மதிப்பெண் கொண்ட தேர்வில் 189 பெற்றவரின் விழுக்காடு 63 ஆகும்.

நடுவர் மதிப்பெண்ணுடன் சுருக்கமான குறிப்பும் எழுதித் தருகிறார். தனியே பயிற்சி செய்யும் அமெச்சூர் வீரருக்கு, வெற்றி தோல்வியை விட இக்குறிப்புகளே கூடுதல் பயன் தருபவை.

முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு

தேசிய நிலைகளுள் இந்த ஒரு படியே அமெச்சூர் வீரர்களுக்கு மிகக் கடினமானது எனப் பரவலாகக் கருதப்படுகிறது. இதற்குக் காரணம் புதிய அசைவுகளின் எண்ணிக்கை அன்று. குதிரை தன் எடையைத் தாங்கும் விதமே இங்கு மாற வேண்டியுள்ளது.

இயல்பாகக் குதிரையின் எடையில் பெரும்பகுதி முன்கால்களில் விழுகிறது. வீரர் ஏறியதும் அது மேலும் கூடுகிறது. உடல் ஒடுக்கத்தில் குதிரை தன் பின்கால்களை உடலுக்கு அடியில் கொண்டுவந்து, அவற்றின் மூட்டுகளை மடக்கி, எடையைப் பின்னோக்கி ஏற்கிறது. அதனால் முன்பகுதி இலேசாகி உயர்கிறது. அடிகள் குறுகினாலும் ஆற்றல் குறைவதில்லை. இதற்கான தசை வலிமை பல மாதப் பயிற்சியாலேயே உருவாகும்.

செருமானிய மரபில் தோன்றிய பயிற்சிப் படிவரிசை இதனை விளக்குகிறது. சீரான தாளம், இறுக்கமின்மை, கடிவாளத்துடன் மென்மையான தொடர்பு, உந்துவிசை, நேர்மை, ஒடுக்கம் என்பவை அதன் ஆறு படிகள். ஒடுக்கம் கடைசிப் படியாக இருப்பதால், முன்னைய படிகளில் உள்ள குறைகள் அனைத்தும் இரண்டாம் நிலையில் வெளிப்பட்டுவிடுகின்றன.

வீரருக்கும் புதிய சுமை உண்டு. முதல் நிலையில் துள்ளுநடையின்போது அங்கவடியில் ஊன்றி எழுந்து எழுந்து அமரலாம். இரண்டாம் நிலையில் துள்ளுநடையின் பெரும்பகுதியைச் சேணத்தை விட்டு எழாமலேயே ஓட்ட வேண்டும். நாள் முழுவதும் அலுவலகத்தில் அமர்ந்து வேலை செய்துவிட்டு மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டுபவருக்கு, இடுப்பும் முதுகும் இதற்குப் பழகுவது எளிதன்று. வீரர் துள்ளினால் குதிரையின் முதுகு விறைக்கும். முதுகு விறைத்தால் அமர்வது மேலும் கடினமாகும்.

அவசர உயர்வின் விளைவுகள்

வலிமை வருமுன் ஒடுக்கத்தைப் பெற முயல்வோர், கடிவாளத்தை இழுத்துக் குதிரையின் கழுத்தைக் குறுக்கிவிடுவதுண்டு. தோற்றத்தில் இது ஒடுக்கம் போலிருந்தாலும், பின்கால்கள் எடையை ஏற்பதில்லை. குதிரை முதுகைத் தாழ்த்துதல், வாயைத் திறத்தல், வாலைச் சுழற்றுதல் போன்றவற்றால் தன் இன்னலைக் காட்டுகிறது. நடுவர்கள் இதற்கு மதிப்பெண்ணைக் குறைக்கின்றனர். எனினும் மதிப்பெண் இழப்பை விடப் பெரிய இழப்பு, குதிரைக்கு ஏற்படும் வலியும் அது வீரர்மீது வைத்த நம்பிக்கை குலைவதுமே ஆகும்.

யார் தீர்மானிப்பது?

நெதர்லாந்தில் அடுத்த வகுப்புக்குச் செல்ல, போட்டிகளில் குறிப்பிட்ட புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் வழக்கமான தேர்வுகளுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. இசையுடன் கூடிய கட்டற்ற ஆட்டம், சாம்பியன் போட்டிகள் போன்றவற்றுக்கே தகுதி மதிப்பெண் கேட்கப்படுகிறது. ஆகவே முடிவு பெரும்பாலும் வீரரின் பொறுப்பிலேயே விடப்பட்டுள்ளது.

பயிற்சியாளர்கள் பொதுவாகக் கூறும் அளவுகோல்கள் வருமாறு:

* தற்போதைய நிலையின் மிகக் கடினமான தேர்வில், வெவ்வேறு நடுவர்களிடம், தொடர்ந்து 65 விழுக்காடு அளவில் பெறுதல்.
* அடுத்த நிலையின் அசைவுகளை வீட்டில் பதற்றமின்றிச் செய்ய முடிதல்.
* பயிற்சியின் முடிவில் குதிரை தளர்வாகவும் அமைதியாகவும் இருத்தல்.

நிலை உயர்ந்த தொடக்கத்தில் மதிப்பெண் குறைவது இயல்பு. ஒரே போட்டியில் ஒரு குதிரை அடுத்தடுத்த இரண்டு நிலைகளில் பங்குபெறலாம் என்பதால், பலர் முதல் நிலையின் மூன்றாம் தேர்வையும் இரண்டாம் நிலையின் முதல் தேர்வையும் ஒருங்கே ஓட்டிப் பார்க்கின்றனர்.

பதக்கங்கள்

ஐக்கிய அமெரிக்க டிரெசாஜ் கூட்டமைப்பின் வெண்கலப் பதக்கம் பெற, முதல், இரண்டாம், மூன்றாம் நிலைகள் ஒவ்வொன்றிலும் 60 விழுக்காட்டுக்குக் குறையாத இரண்டு மதிப்பெண்கள் தேவை. இது பிறரை வென்று பெறும் பரிசு அன்று. வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையே ஒரே ஒரு குதிரையுடன் பயிலும் ஒருவர் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டும் இதனை அடையலாம். இதற்கான பாதையில் இரண்டாம் நிலையைத் தாண்டிச் செல்ல வழியில்லை; அதில் முறையாகக் கற்ற ஒடுக்கமே மூன்றாம் நிலையின் கால் மாற்றங்களுக்கும் அதற்கு மேற்பட்ட அனைத்துக்கும் அடிப்படையாக அமைகிறது.